பயிற்சிக்குப் பின்னரா, பயிற்சியினாலா? பேச்சு மொழிச் சிகிச்சையின் சான்றுகளை எடைபோடுவது எப்படி

பக்கவாதத்தால் பேச்சு பாதிக்கப்பட்ட ஒருவரின் குடும்பத்திற்கு ஆலோசனைகளுக்குப் பஞ்சமே இருப்பதில்லை. உறவினர் ஒருவர் கைப்பேசிச் செயலி ஒன்றைப் பரிந்துரைப்பார். இன்னொருவர் நாக்குக்கான உடற்பயிற்சிக் காணொளியை அனுப்பிவைப்பார். பேசத் தாமதிக்கும் குழந்தையின் பெற்றோர் நிலையும் இதுவே. வசம்பைச் சுட்டு நாவில் தடவச் சொல்லும் பாட்டி தொடங்கி, மூன்றே மாதத்தில் பேசவைப்பதாக விளம்பரம் செய்யும் நிலையம் வரை ஒவ்வொருவரும் ஒரு வழியைக் காட்டுவர். ‘இதைச் செய்த பிறகுதான் எங்கள் வீட்டில் பேச்சு வந்தது’ என்று அவர்கள் உறுதியாகக் கூறுவர். அவர்கள் பொய் கூறுவதில்லை, கண்டதைத்தான் கூறுகின்றனர். ஆயினும் ‘பயிற்சிக்குப் பின்னர் பேச்சு வந்தது’ என்பதும் ‘பயிற்சியினால் பேச்சு வந்தது’ என்பதும் ஒன்றல்ல.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இது ஆய்வாளர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய நுணுக்கம் அன்று. பயன் தராத ஒரு முறைக்காகக் குடும்பம் செலவிடும் பணமும் நேரமும், பயன் தரக்கூடிய மற்றொரு முறையிலிருந்து பறிக்கப்பட்டவையே. வேலைக்கு விடுப்பு எடுத்து, பேருந்தில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து பயிற்சிக்கு வருபவர்களை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். அவர்களுடைய ஒவ்வொரு மணி நேரமும் மதிப்புடையது. எனவே, எந்தப் பயிற்சிக்கு எத்தகைய சான்று உள்ளது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு.

தானாகவே ஏற்படும் முன்னேற்றம்

பேச்சு மொழிக் குறைபாடுகள் பலவற்றுக்கு ஒரு பொதுத் தன்மை உண்டு. சிகிச்சை எதுவும் அளிக்கப்படாவிட்டாலும் அவற்றில் ஓரளவு மாற்றம் ஏற்படும். பக்கவாதத்திற்குப் பிந்திய முதல் வாரங்களிலும் மாதங்களிலும் மூளையின் வீக்கம் வடிகிறது. பாதிக்கப்பட்ட பகுதியைச் சூழ்ந்த இடங்களுக்கு இரத்த ஓட்டம் சீராகிறது. பிற பகுதிகள் சில பணிகளை ஏற்றுக்கொள்ளத் தொடங்குகின்றன. இக்காலத்தில் பெரும்பாலானோரின் பேச்சு ஏதேனும் ஓரளவில் தேறுகிறது. இரண்டு வயதில் சில சொற்களே பேசும் குழந்தைகளில் பலர் பள்ளிப் பருவத்திற்குள் பிற குழந்தைகளுக்கு நிகராகப் பேசத் தொடங்கிவிடுகின்றனர். திக்கிப் பேசத் தொடங்கும் சிறு குழந்தைகளில் கணிசமானோர், காலப்போக்கில் தாமாகவே திக்கலிலிருந்து விடுபடுகின்றனர்.

ஆகவே, இக்காலங்களில் எதைச் செய்தாலும், அதற்குப் பின்னர் முன்னேற்றம் வந்ததுபோல் தோன்றும். வசம்பு தடவியவரின் குழந்தையும் பேசியிருக்கும். தடவாதவரின் குழந்தையும் பேசியிருக்கும். தடவாதவரின் வீட்டில் நிகழ்ந்ததை யாரும் கதையாகச் சொல்வதில்லை என்பதே வேறுபாடு.

இச்சிக்கலை ஆய்வாளர்கள் எவ்வாறு தீர்க்கின்றனர் என்பதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. லிட்கோம்ப் முறை என்பது, திக்கிப் பேசும் மழலைப் பருவக் குழந்தைகளுக்குப் பெற்றோர் வழியாகவே அளிக்கப்படும் பயிற்சி. குழந்தை திக்காமல் பேசும்போது பெற்றோர் அதைக் குறிப்பிட்டுப் பாராட்டுவர். எப்போதேனும் திக்கும்போது மென்மையாகச் சுட்டிக்காட்டுவர். சிகிச்சையாளர் பெற்றோருக்குக் கற்பித்து, தொடர்ந்து வழிநடத்துவார். ஆஸ்திரேலியாவில் உருவான இம்முறையை நியூசிலாந்தில் 54 குழந்தைகளிடம் சோதித்து, அதன் முடிவுகளை 2005ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். தொடக்கத்தில் இரு குழுக்களின் குழந்தைகளும் ஏறத்தாழ நூறு அசைகளுக்கு ஆறு அல்லது ஏழு அசைகளில் திக்கினர். ஒன்பது மாதங்களுக்குப் பின், லிட்கோம்ப் பயிற்சி பெறாத குழுவில் அது சராசரியாக 3.9ஆகக் குறைந்திருந்தது. பயிற்சி பெற்ற குழுவில் 1.5ஆகக் குறைந்திருந்தது.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். பயிற்சி பெறாத குழந்தைகளிடமும் திக்கல் குறைந்தது. அக்குழந்தைகளுக்கு அந்த ஒன்பது மாதங்களில் யாரேனும் ஏதேனும் ஒரு மருந்தை விற்றிருந்தால், ‘எங்கள் மருந்தால் திக்கல் பெருமளவு குறைந்தது’ என்று விளம்பரம் செய்திருக்கலாம். லிட்கோம்ப் முறையின் உண்மையான பயன், தானாகக் குறைந்ததற்கும் மேலாகக் குறைந்த பகுதி மட்டுமே. அந்தப் பகுதி போதிய அளவு பெரியதாக இருந்தமையால்தான், இம்முறைக்கு நல்ல சான்று உண்டு என்று நாங்கள் கூறுகிறோம்.

ஒப்பீட்டுக் குழுவும் குலுக்கலும்

மேற்கண்ட ஆய்வில் எந்தக் குழந்தை எந்தக் குழுவில் சேர வேண்டும் என்பதைப் பெற்றோரோ சிகிச்சையாளரோ முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவதற்கு ஒப்பான முறையில் அது முடிவு செய்யப்பட்டது. இவ்வாறு செய்வதற்குக் காரணம் உண்டு. பயிற்சிக்கு வருவோரும் வராதோரும் தொடக்கத்திலிருந்தே வேறுபட்டவர்களாக இருக்கலாம். வசதியுள்ளவர், பாதிப்புக் குறைந்தவர், வீட்டில் உதவிக்கு ஆள் உள்ளவர் ஆகியோரே பயிற்சிக்குத் தவறாமல் வருவர் என்றால், அவர்கள் நன்கு தேறியதற்குப் பயிற்சி காரணமா, அந்த வசதிகள் காரணமா என்று பிரித்தறிய இயலாது. குலுக்கல் முறை இவ்வேறுபாடுகளை இரு குழுக்களுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிட்டுவிடுகிறது.

இன்னொரு பாதுகாப்பும் தேவை. முன்னேற்றத்தை அளப்பவர், தம் முன் இருப்பவர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பதை அறியாதவராக இருத்தல் நன்று. பயிற்சி அளித்தவரே மதிப்பெண்ணும் இட்டால், அவர் எத்துணை நேர்மையானவராயினும், நம்பிக்கை எண்ணைச் சற்றே உயர்த்திவிடக் கூடும். குழந்தை பேசியதை ஒலிப்பதிவு செய்து, வேறொருவரைக் கேட்டு எண்ணச் செய்வது இதற்காகவே.

அஃபேசியா: நாம் அறிந்தவை

பக்கவாதத்தால் மொழித்திறன் பாதிக்கப்படும் நிலையை அஃபேசியா என்கிறோம். சிந்தனை இருக்கும், சொல் கிடைக்காது. சிலருக்குப் பிறர் பேசுவதைப் புரிந்துகொள்வதும் கடினமாகும். வாசித்தலும் எழுதுதலும் பாதிக்கப்படலாம். இதற்கான பேச்சு மொழிச் சிகிச்சை உண்மையில் பயன் தருகிறதா என்ற கேள்விக்கு, தனித்தனி ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2016ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒரு விடை தருகிறது. அத்தொகுப்பில் குலுக்கல் முறையில் நடத்தப்பட்ட 57 ஆய்வுகளும், அவற்றில் பங்கேற்ற 3,002 பேரும் இடம்பெற்றனர். சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிடுகையில், பெற்றவர்கள் அன்றாடத் தகவல் பரிமாற்றத்திலும் வாசித்தலிலும் மொழி வெளிப்பாட்டிலும் மேம்பட்டிருந்தனர் என்பது அதன் முடிவு. கூடுதல் மணி நேரமோ, கூடுதல் தீவிரமோ, நீண்ட காலமோ பயிற்சி பெற்றவர்களிடம் அன்றாடத் தகவல் பரிமாற்றம் மேலும் நன்றாக இருந்தது. அதே தொகுப்பு மற்றோர் உண்மையையும் மறைக்காமல் பதிவு செய்கிறது: மிகத் தீவிரமான பயிற்சியில் சேர்ந்தோருள் பாதியில் விலகியோர் அதிகம்.

பக்கவாதம் வந்து நெடுநாளாகிவிட்டது. இனிப் பயனில்லை என்று கைவிடும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் அறிய வேண்டிய ஆய்வு, ஜெர்மனியில் 19 மையங்களில் நடத்தப்பட்டு 2017இல் லான்செட் இதழில் வெளிவந்தது. பக்கவாதம் வந்து ஆறு மாதங்களோ அதற்கும் மேலோ கடந்த 158 பேர் அதில் சேர்ந்தனர். ஒரு குழுவினர் மூன்று வாரங்கள், வாரத்திற்குக் குறைந்தது பத்து மணி நேரம் பயிற்சி பெற்றனர். மற்றக் குழுவினர் மூன்று வாரம் காத்திருந்து, பின்னர் அதே பயிற்சியைப் பெற்றனர். பயிற்சி பெற்றவர்களின் அன்றாடப் பேச்சுத் தொடர்பு குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது. காத்திருந்த மூன்று வாரங்களில் மற்றவர்களிடம் அத்தகைய மேம்பாடு இல்லை. தானாகத் தேறும் காலம் பெரும்பாலும் முடிந்துபோனவர்களிடம் கிடைத்த முடிவு இது. எனவே, இங்கு ‘பின்னர்’ என்பதைவிட ‘அதனால்’ என்று சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு.

அப்படியாயின், முதல் நாளிலிருந்தே இயன்ற அளவு தீவிரமாகப் பயிற்சி அளித்தால் என்ன என்று தோன்றலாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 246 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு இதையே சோதித்தது. பக்கவாதத்திற்குப் பின் இரு வாரங்களுக்குள் தொடங்கிய தீவிரப் பயிற்சி, வழக்கமான பயிற்சியைவிடக் கூடுதல் பயன் தரவில்லை என 2021இல் முடிவு வெளியாயிற்று. உடல் தேறாத நாள்களில் நோயாளரை வருத்தி, அதிகப் பயிற்சி அளிக்கவில்லையே என்று குடும்பத்தினர் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை என்பது இதன் நடைமுறைப் பொருள்.

மொத்தம் எவ்வளவு பயிற்சி தேவை என்பதற்கு, 25 ஆய்வுகளில் பங்கேற்ற 959 பேரின் தனித்தனித் தரவுகளைச் சேர்த்து ஆராய்ந்த பன்னாட்டுக் குழு 2022இல் ஒரு குறிப்பைத் தந்தது. மொத்தமாக 20 மணி நேரத்திற்கு மேல், 50 மணி நேரம் வரை பயிற்சி பெற்றோரிடம் மொழித்திறன் மிகுதியாக முன்னேறியிருந்தது. நோயாளரின் அன்றாடத் தேவைகளுக்கு ஏற்ப அமைந்ததும் வீட்டுப் பயிற்சியைச் சேர்த்ததுமான சிகிச்சையே சிறந்து நின்றது. இது உறுதியான அளவுகோல் அன்று. ஆய்வுகளுக்கு இடையே தென்பட்ட ஒரு தொடர்பு மட்டுமே. எனினும் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் வந்துபோவதன் பயன் என்ன என்று எண்ணிப் பார்ப்பதற்கு அது துணை செய்யும். மருத்துவமனைக்கு அவ்வளவு முறை வர இயலாதோருக்கு, வீட்டுப் பயிற்சியைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நாங்கள் வகுத்துத் தருவது இதனால்தான்.

எதில் முன்னேற்றம்?

ஒரு முறை பயன் தருகிறது என்று கேட்டவுடன் அடுத்து எழுப்ப வேண்டிய கேள்வி: எதில் பயன் தருகிறது?

பிரிட்டனில் 278 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. பங்கேற்றவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றனர். இரண்டாம் குழுவினர் அதனுடன், தாமே தேர்ந்தெடுத்த நூறு சொற்களைக் கணினியில் ஆறு மாதங்கள் வீட்டிலேயே பயின்றனர். மூன்றாம் குழுவினருக்குப் பயிற்சிக்குப் பதிலாகப் புதிர்ப் புத்தகங்களும் மாதந்தோறும் தொலைபேசி விசாரிப்பும் கிடைத்தன. கணினியில் பயின்றவர்கள், பயின்ற சொற்களைக் கண்டு சொல்வதில் தெளிவாக முன்னேறினர். ஆனால் உரையாடும் திறனில் மூன்று குழுக்களுக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை.

இம்முடிவைத் தோல்வி என்று நாங்கள் கருதவில்லை. பேரனின் பெயர், வீட்டுத் தெருவின் பெயர், ‘தண்ணீர்’, ‘மாத்திரை’ ஆகியவற்றை மீண்டும் சொல்ல முடிவது ஒரு மனிதருக்குப் பெரும் ஆறுதல். ஆயினும் செயலியில் மதிப்பெண் கூடுவதைக் கண்டு, உரையாடலும் தானே வந்துவிடும் என்று காத்திருத்தல் கூடாது. பயின்ற சொல்லை உரையாடலில் பயன்படுத்தத் தனியே பழக வேண்டும். உணவு வேளையில், தொலைபேசியில், கடைக்காரரிடம் அச்சொல்லைக் கூற வாய்ப்பு அமைத்துத் தருவது குடும்பத்தினரால் மட்டுமே இயலும்.

பேச்சுத் துணையின் மதிப்பு

எங்கள் துறைக்கு உவப்பற்றதாகத் தோன்றக் கூடிய முடிவு ஒன்றையும் இங்குக் கூறியாக வேண்டும். 2012இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில், பக்கவாதம் வந்த தொடக்க மாதங்களில் 170 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்குச் சிகிச்சையாளர்கள் பயிற்சி அளித்தனர். மற்றக் குழுவினரைப் பேச்சுச் சிகிச்சையில் தேர்ச்சி பெறாத பார்வையாளர்கள் சந்தித்து, அதே அளவு நேரம் அவர்களோடு பேசிப் பழகினர். தகவல் பரிமாற்றத் திறனில் இரு குழுக்களும் ஏறத்தாழ ஒரே நிலையை அடைந்தன.

இதிலிருந்து சிகிச்சையே தேவையில்லை என்ற முடிவுக்கு வருதல் பொருந்தாது. அந்த ஆய்வு தொடக்க மாதங்களைப் பற்றியது. அப்போது தானாகத் தேறுவதும் மிகுதி. சிகிச்சையின் அளவும் ஜெர்மானிய ஆய்வில் இருந்ததுபோல் செறிவானதன்று. ஆனால் அது உணர்த்தும் பாடம் பெரிது. பேச இயலாதவரிடம் பொறுமையாக அமர்ந்து, அவர் சொல்ல முயல்வதைக் கேட்பதே பயனுள்ள செயல். அஃபேசியா வந்தவர் வீட்டில், காலப்போக்கில் அவரிடம் பேசுவதே குறைந்துவிடுகிறது. அவருக்காக மற்றவர்கள் விடை சொல்லிவிடுகின்றனர். வீட்டு முடிவுகள் அவரைக் கேளாமலேயே எடுக்கப்படுகின்றன. சிறந்த பயிற்சியும் வாரத்தில் சில மணி நேரமே. எஞ்சிய நேரமெல்லாம் குடும்பத்தின் கையில் உள்ளது.

‘சான்று இல்லை’ என்பதன் இரு பொருள்கள்

ஒரு முறைக்குச் சான்று இல்லை என்று நாங்கள் கூறும்போது அதற்கு இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருக்கலாம். போதிய அளவு சோதிக்கப்படவில்லை என்பது ஒன்று. நன்கு சோதித்தும் பயனளிக்கவில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளுதல் கூடாது.

முதல் வகைக்கு, பேச்சொலி இல்லாமல் செய்யப்படும் வாய்ப் பயிற்சிகளைக் கூறலாம். மெழுகுவத்தியை ஊதி அணைத்தல், உறிஞ்சுகுழலால் ஊதுதல், நாக்கை மேலும் கீழும் அசைத்தல் ஆகியவை நாவை வலுப்படுத்திப் பேச்சைத் தெளிவாக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இப்பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியான திறனாய்வு, அவை பேச்சை மேம்படுத்துகின்றன என்று கூறப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவு செய்தது. பேச்சுக்குத் தேவைப்படுவது நாவின் வலிமை பெரும்பாலும் அன்று, விரைவும் ஒத்திசைவுமே. மிதிவண்டி ஓட்டக் கற்பதற்கு மிதிவண்டியில்தான் ஏற வேண்டும் என்பதுபோல், பேச்சொலியைப் பழகுவதற்குப் பேச்சொலியையே பயில வேண்டும். குழந்தை மகிழ்ந்து ஊதினால் தீங்கில்லை. ஆனால் பயிற்சி நேரம் முழுவதும் ஊதுவதிலேயே கழிந்தால், காரணம் கேட்பது பெற்றோரின் கடமை.

இரண்டாம் வகைக்கு, கைபிடித்து எழுத்துகளைச் சுட்டச் செய்யும் முறை எடுத்துக்காட்டாகும். பேசாத ஆட்டிசம் உள்ளவரின் கையையோ முழங்கையையோ உதவியாளர் தாங்கிப் பிடிக்க, அவர் பலகையில் உள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுட்டிச் செய்தி சொல்வதாகக் கருதப்பட்டது. 1970களில் ஆஸ்திரேலியாவில் தோன்றிய இம்முறை, பின்னர் அமெரிக்காவில் வேகமாகப் பரவியது. பேசாத குழந்தை முழு வாக்கியங்கள் எழுதுவதைக் கண்ட பெற்றோர் கண்ணீர் மல்கினர். 1990களில் ஆய்வாளர்கள் எளிய சோதனை ஒன்றைச் செய்தனர். உதவியாளருக்கு ஒரு படத்தையும், கை பிடிக்கப்பட்டவருக்கு வேறொரு படத்தையும் காட்டி, ‘என்ன பார்த்தாய்?’ என்று கேட்டனர். எழுதப்பட்ட விடை மீண்டும் மீண்டும் உதவியாளர் கண்ட படத்தின் பெயராகவே இருந்தது. உதவியாளர்கள் ஏமாற்றவில்லை, தம்மை அறியாமலேயே கையை வழிநடத்தியிருந்தனர். இம்முறையைப் பயன்படுத்தக் கூடாது என அமெரிக்கப் பேச்சு மொழி செவிச் சங்கம் அறிவித்துள்ளது. இங்கு இழப்பு பணம் மட்டுமன்று. ஒருவருடைய வாயில் இன்னொருவரின் சொற்கள் வைக்கப்பட்டன. அவருடைய உண்மையான விருப்பம் கேட்கப்படாமலே போயிற்று.

இதைப் படங்கள் வழியாகவும் கருவிகள் வழியாகவும் தொடர்புகொள்ளும் முறைகளோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. அவற்றில் குழந்தை தானே, எவரும் கை பிடிக்காமல், படத்தை எடுத்துத் தருகிறது அல்லது பொத்தானை அழுத்துகிறது. ‘படம் காட்டப் பழகினால் பேச்சே வராமல் போய்விடும்’ என்ற அச்சம் பெற்றோரிடம் உண்டு. 2006இல் வெளிவந்த திறனாய்வு, நம்பத்தகுந்த முறையில் ஆராயப்பட்ட 27 பேரின் பதிவுகளைப் பரிசீலித்தது. அவர்களுள் ஒருவருக்குக்கூட இம்முறைகளால் பேச்சு குறையவில்லை. பெரும்பாலானோருக்குச் சிறிதளவேனும் கூடியிருந்தது. எண்ணிக்கை சிறிதுதான். ஆயினும் அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று கூற அது போதுமானது.

பெயர் மட்டும் போதாது

‘பேச்சுச் சிகிச்சை பெற்றோம், பயனில்லை’ என்று கூறுவோரிடம், எந்தச் சிகிச்சை, எவ்வளவு என்று நாங்கள் கேட்பது வழக்கம். பார்க்கின்சன் நோயால் குரல் தாழ்ந்துபோன 388 பேரிடம் பிரிட்டனில் நடத்தப்பட்டு 2024இல் வெளிவந்த ஆய்வு இக்கேள்வியின் தேவையைக் காட்டுகிறது. உரத்த குரலில் பேசுவதையே மையமாகக் கொண்டு, வாரம் நான்கு அமர்வுகளாக நான்கு வாரங்கள் அளிக்கப்பட்ட பயிற்சி, குரல் குறையால் நேரும் இடர்ப்பாடுகளைக் குறைத்தது. அந்நாட்டின் பொதுச் சுகாதாரச் சேவையில் வழக்கமாக அளிக்கப்படும், அவ்வளவு செறிவில்லாத பயிற்சி பெற்றோருக்கோ, பயிற்சி பெறாதோரைவிட நன்மை கிடைத்ததாகத் தெரியவில்லை. இரண்டும் பேச்சுச் சிகிச்சை என்ற பெயரையே தாங்கியிருந்தன. ஒரு முறைக்குச் சான்று உண்டு என்றால், அந்த முறையை அந்த அளவில் செய்தால்தான் அச்சான்று நமக்குப் பொருந்தும்.

தமிழ் பேசுவோருக்கு எவ்வளவு பொருந்தும்?

இதுவரை கூறிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலமோ ஜெர்மனோ பேசுவோரிடம் நடத்தப்பட்டவை. பயிற்சியின் அடிப்படை விதிகள், அதாவது போதிய அளவு, தொடர்ச்சி, அன்றாடத் தேவைக்கு ஏற்ற உள்ளடக்கம் ஆகியவை, மொழி எதுவாயினும் பொருந்தும் என்று கருத நியாயம் உண்டு. ஆனால் பயிற்சிக்கான சொற்களையும் வாக்கியங்களையும் அப்படியே மொழிபெயர்த்துப் பயன்படுத்த இயலாது. தமிழில் பேசும் மொழி வேறு, எழுதும் மொழி வேறு. ‘வந்துகொண்டிருக்கிறார்’ என்று அட்டையில் எழுதிப் பயிற்றுவித்தால், வீட்டில் ‘வந்துட்டிருக்கார்’ என்று மட்டுமே கேட்டும் பேசியும் பழகியவருக்கு அது அந்நியமாகத் தோன்றும். ஆங்கிலத்தில் தனிச் சொற்களாக நிற்கும் பல பொருள்கள் தமிழில் சொல்லின் ஈற்றில் ஒட்டி வருகின்றன. எனவே, நோயாளர் முன்பு எவ்வாறு பேசினார், எந்தச் சொற்களை நாள்தோறும் பயன்படுத்தினார், வேறு எந்த மொழிகளை அறிந்திருந்தார் என்பதைக் குடும்பத்தினர் எழுதிக் கொண்டுவருவது எங்களுக்குப் பேருதவியாகும்.

நீங்கள் கேட்கக் கூடிய கேள்விகள்

எங்களிடமாயினும் பிறரிடமாயினும், ஒரு பயிற்சியைத் தொடங்கும் முன் கீழ்க்காணும் கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்.

1. இம்முறை இதே குறைபாடு உள்ளவர்களிடம் சோதிக்கப்பட்டுள்ளதா? பயிற்சி பெறாத குழுவோடு ஒப்பிடப்பட்டதா?

2. அந்த ஆய்வுகளில் எதில் முன்னேற்றம் காணப்பட்டது? எங்களுக்குத் தேவையானதும் அதுதானா?

3. அவர்கள் எத்தனை மணி நேரம் பயின்றனர்? எங்களால் எவ்வளவு இயலும்? எஞ்சியதை வீட்டில் எவ்வாறு ஈடுசெய்வது?

4. தொடங்கும் முன் எதை அளப்பீர்கள்? எப்போது மீண்டும் அளப்பீர்கள்? முன்னேற்றம் இல்லையெனில் என்ன செய்வீர்கள்?

5. தங்களுக்கு உரிய தகுதியும் பதிவும் உள்ளனவா? இந்தியாவில் பேச்சு மொழிச் சிகிச்சையாளர்கள் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்கின்றனர். அதைக் கேட்டறிதல் மரியாதைக் குறைவு ஆகாது.

நான்காம் கேள்வி குறிப்பாக முக்கியமானது. ஆய்வுகள் ஒரு குழுவின் சராசரியைக் கூறுகின்றன. உங்கள் தந்தைக்கோ மகளுக்கோ என்ன நேரும் என்பதை அவை முன்கூட்டியே சொல்வதில்லை. எனவே, சான்றுள்ள முறையைத் தேர்ந்த பின்னரும், அந்த ஒருவரிடம் அது பலிக்கிறதா என்பதை அளந்து பார்த்தே ஆக வேண்டும். பயிற்சி அளிக்கும் சொற்களோடு, பயிற்சி அளிக்காத சில சொற்களையும் நாங்கள் குறித்து வைப்பது உண்டு. பயின்றவை மட்டும் முன்னேறி, பயிலாதவை அப்படியே இருந்தால், பயிற்சியே காரணம் என்று ஓரளவு துணிந்து கூறலாம். இரண்டும் சமமாக முன்னேறினால், பயிற்சியின் பயன் பரவியிருக்கலாம். இயல்பான தேறுதலாகவும் இருக்கலாம். ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழு செய்யும் பணியை, ஒரே நோயாளரிடம் இந்தச் சிறு ஏற்பாடு செய்கிறது.

சான்று சார்ந்த மருத்துவத்தை விளக்கிய டேவிட் சாக்கெட்டும் அவருடைய சகாக்களும் 1996இல் எழுதியபோது, ஆய்வுச் சான்று மட்டும் போதும் என்று கூறவில்லை. சிகிச்சையாளரின் அனுபவமும் நோயாளரின் விருப்பமும் அதனோடு சேர வேண்டும் என்றனர். கோயிலில் மீண்டும் உரக்கப் பாட வேண்டும் என்பது ஒருவரின் விருப்பமாக இருக்கலாம். மனைவியின் பெயரைச் சொன்னால் போதும் என்பது இன்னொருவரின் விருப்பமாக இருக்கலாம். எந்த ஆய்வும் இதை முடிவு செய்ய இயலாது. அதை எங்களுக்குச் சொல்ல வேண்டியவர் நீங்களே. அடுத்த முறை வரும்போது, இங்குள்ள கேள்விகளோடு அந்த விருப்பத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். இரண்டையும் வைத்துப் பயிற்சித் திட்டத்தை உங்களோடு சேர்ந்தே வகுப்போம்.